விடியற்காலையில் மட்டும் இடறும் மொறிஸ் மைனர்

கொழும்பில் குளிர் ஏது என்று கேட்போர் உண்டு. நுவரெலியாவிலோ ஹற்றனிலோ ஒரு கார் குளிரில் முரண்டு பிடிக்கிறது என்றால் எவரும் நம்புவர். கடற்கரையை ஒட்டிய பம்பலப்பிட்டியில் விடியற்காலையிலும் வெப்பநிலை 22, 23 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. மனிதருக்கு இது குளிரல்ல. எஞ்சினுக்கோ கணக்கு வேறு. ஓடிச் சூடேறிய எஞ்சினில் சுற்றும் தண்ணீர் 80 பாகையை அண்டி நிற்கும். அந்தச் சூட்டில் வேலை செய்வதற்கென்றே அது அமைக்கப்பட்டிருக்கிறது. இரவு முழுவதும் நின்று ஆறிப்போன எஞ்சின், எந்த ஊரில் நின்றாலும், குளிர்ந்த எஞ்சினே.

காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், எமது அயலில், 1960களில் வந்த மொறிஸ் மைனர் 1000 ஒன்று இன்னும் நாளாந்த உழைப்பில் இருக்கிறது. அது அலங்காரத்துக்கு வைத்திருக்கும் கார் அல்ல. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருடையது. அயலில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றும், அவருடைய மனைவியை ரீச்சர் என்றுமே அழைப்பர். ரீச்சருக்குச் சிறுநீரகம் பழுதடைந்தபின் வாரத்தில் இரண்டு நாட்கள் விடிய ஆறு மணிக்கு முன் வைத்தியசாலையில் இரத்தம் சுத்திகரிக்கும் பிரிவில் நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைய முறை இன்னொருவருக்குப் போய்விடும். முறை தவறினால் உடல் வீங்கும், மூச்சு முட்டும்.

இந்தக் கார் சில நாட்களில் முதல் முறையிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும். வேறு சில நாட்களில் இழுத்து இழுத்து, ஒருவாறு பிடித்து, பின் முழு வண்டியும் அதிர இடறி இடறி ஓடும். காலை வைத்தால் அணைந்துவிடும். பத்து நிமிடம் போனால் ஒன்றுமே நடவாதது போல அமைதியாக ஓடத் தொடங்கும். எந்த நாள் இடறும், எந்த நாள் இடறாது என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

என்றும் இருக்கும் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. வந்து வந்து போகும் பழுதே மனிதரைப் படாத பாடு படுத்துவது. மாஸ்டர் காரைக் கராஜுக்குக் கொண்டுபோவார். போய்ச் சேரும்போது மணி பத்து. எஞ்சின் சூடாக இருக்கும், வெயில் ஏறியிருக்கும், கார் தங்கமாக ஓடும். கராஜ்காரர் என்ன செய்வார்? வந்தவரை வெறுங்கையோடு அனுப்பவும் மனமில்லை. முதலில் பிளக் நான்கும் மாற்றப்பட்டன. அடுத்த தடவை கொயில். பின் காபரேற்றர் கழற்றிக் கழுவப்பட்டது. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாட்கள் கார் நன்றாகவே ஓடியது, பிறகு பழைய கதைதான். கடைசியில் “ஹெட் கஸ்கற் போய்விட்டது, எஞ்சினைப் பிரித்து முழுவதும் செய்ய வேண்டும்” என்று சொல்லப்பட்டது. கேட்ட தொகை இலட்சங்களில் இருந்தது. அதே வாரம் கார் தரகர் ஒருவரும் வாசலுக்கு வந்துவிட்டார். இது தற்செயலாக இருக்கலாம்.

விற்றுவிட்டு வேறொன்று வாங்கினால் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறிய ஏற்றம் யாவரும் அறிந்ததே. திறக்கப்பட்ட பின்னும் வரியோடு வரும் புதிய காரின் விலை ஓய்வூதியக்காரர் நினைத்தும் பார்க்கக்கூடியதல்ல. எஞ்சினைப் பிரிப்பதா, காரை விற்பதா என்ற நிலையில்தான் அயலவர் சிலரோடு நாமும் அந்தப் பழுதைப் பின்தொடரத் தொடங்கினோம். அதனை இங்கு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இதே வகைப் பழுது தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரத்திலும் வரும், தேடும் முறையும் ஒன்றுதான்.

ஏன் இந்தக் கார் இன்னும் ஓடுகிறது?

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில், 1959இல், மினி காரைத் தந்தவரும் அவரே. 1956இல் 948 கன சென்றிமீற்றர் எஞ்சினோடு மைனர் 1000 வந்தது. 1962இல் அது 1098 ஆகப் பெருத்தது. 1970களின் தொடக்கத்தோடு உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் அதே குடும்பத்து எஞ்சின் மினியில் 2000ஆம் ஆண்டு வரை உயிரோடிருந்ததால், உதிரிப்பாகங்களுக்கு அறவே பஞ்சம் வரவில்லை.

எமது நாட்டில் இவை நிலைத்ததற்கு நாட்டின் வறுமையும் ஒரு காரணம். 1970 தொடக்கம் 1977 வரை அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்டது. இருந்த காரை ஒட்டியும் தட்டியும் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறைத் தொழிலாளர் அப்போது உருவாகினர். அந்தக் கைத்திறன் எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு ஒரு சான்று: இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்து வந்த சார்ள்ஸ் வெயார் என்பவர், 1990களில் இலங்கையர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து, அந்தக் காரின் தகடுகளை இங்கே கைவேலையாகச் செய்வித்துத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். கார் பிறந்த நாட்டுக்கே நாம் பாகம் அனுப்பினோம். இதை எமது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

குளிர்ந்த எஞ்சினுக்குள் நடப்பது என்ன?

எஞ்சின் ஓட மூன்று வேண்டும். அளவான பெற்றோலும் காற்றும் சேர்ந்த கலவை, அதை இறுக்கும் அழுத்தம், உரிய கணத்தில் ஒரு பொறி. இவை மூன்றும் மிக மோசமான நிலையில் இருப்பது விடியற்காலையில்தான்.

பெற்றோல் திரவமாக எரிவதில்லை, அதன் ஆவியே எரிகிறது. குளிர்ந்த குழாய்ச் சுவர்களில் பட்ட பெற்றோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் துளியாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே எஞ்சினுக்குப் போய்ச் சேரும் கலவை மெலிந்துவிடும். இதை ஈடுசெய்யவே சோக் இருக்கிறது. மைனரில் உள்ள எஸ்.யூ. காபரேற்றரில் சோக்கை இழுத்தால் காற்றை அடைக்கும் தகடு எதுவும் மூடுவதில்லை. பெற்றோல் வரும் சிறு குழாய் கீழே இறங்க, ஊசியைச் சுற்றியுள்ள இடைவெளி அகன்று, கூடுதல் பெற்றோல் வருகிறது. சோக் கம்பி துருப்பிடித்து இறுகினால் அந்தக் குழாய் ஒரு நாள் இறங்கும், ஒரு நாள் இறங்காது. வந்து போகும் பழுதுக்கு இதுவும் ஒரு வழி.

பொறியின் கதையும் அப்படித்தான். ஸ்ராட்டர் மோட்டார் சுழலும்போது 12 வோல்ற் பற்றரி 10 வோல்ற்றுக்கும் இறங்கலாம். மிகுந்த பலம் தேவைப்படும் அந்தக் கணத்தில்தான் கொயிலுக்குக் கிடைக்கும் மின்சாரம் மிகக் குறைகிறது. சூடேறிய எஞ்சினில் மெலிந்த பொறியும் வேலையை முடித்துவிடும். குளிர்ந்த எஞ்சினில் அது போதாது. சிறிதளவு மின்கசிவு இருந்தாலும் காலையில் காட்டிக்கொடுத்துவிடும். (பக்கத்தில் ஒரு சொல்: மைனரில் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இக்காலக் கார்களில் பழகிய இளைஞர்கள் இதை மாற்றிப் பூட்டிவிடுவதுண்டு. பற்றரியில் கை வைக்குமுன் இதைச் சொல்லிவிடுங்கள்.)

ஆவியாதலின் அருமையை யாழ்ப்பாணத்தவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையினால் குடாநாட்டுக்குப் பெற்றோல் போகாத காலத்தில், மோட்டார் சைக்கிள்களும் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் எதுவும் மண்ணெண்ணெயில் ஸ்டார்ட் ஆகவில்லை. சிறிது பெற்றோலை ஒரு போத்தலில் பொன் போலப் பாதுகாத்து, காலையில் சில துளிகள் விட்டு எஞ்சினைப் பிடிக்கச் செய்து, சூடேறியபின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். ஏறத்தாழ 38 பாகைக்கு மேற்பட்டால்தான் மண்ணெண்ணெய் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். பெற்றோலோ உறைபனியிலும் விடும். சூடு ஏறுமட்டும் பெற்றோல், ஏறியபின் மண்ணெண்ணெய் என்ற அந்த ஏற்பாட்டில் குளிர்ந்த எஞ்சினின் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

கொப்பியும் பென்சிலும்

அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் அப்படிப் பல வண்டிகளை ஓட வைத்த பாஸ் ஒருவர் இப்போது கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். வயது எழுபதைக் கடந்துவிட்டது. நாம் அவரைத் தேடிப் போனபோது அவர் முதலில் சொன்னது இதுதான்: “மாஸ்டர், காரை என்னட்டைக் கொண்டு வராதேங்கோ. கொண்டு வந்தால் வருத்தம் மாறியிருக்கும். விடிய ஐந்து மணிக்கு நான் காரட்டை வாறன். அதுக்கு முதல் இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில எழுதுங்கோ.”

என்ன எழுத வேண்டும் என்றும் சொன்னார். இரவு மழையா, காற்றா? கார் எந்தப் பக்கம் பார்த்து நின்றது? எத்தனை மணித்தியாலம் நின்றது? எத்தனை தடவை சுழற்றியபின் பிடித்தது? இடறியதா, எவ்வளவு நேரம்? புகை என்ன நிறம்? சோக்கை உள்ளே தள்ளினால் கூடியதா, குறைந்ததா? ரேடியேற்றர் தண்ணீர் எவ்வளவு? இன்னொரு கட்டளையும் இட்டார். இந்த இரண்டு கிழமையும் காரில் எதையும் மாற்றக்கூடாது, முறுக்கவும் கூடாது. மாஸ்டருக்கு இது பிடித்திருந்தது. வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளின் வரவுப் பதிவேடு எழுதியவர் அல்லவா? வைத்தியசாலை நாட்களில் மட்டும் அயலவர் ஒருவர் தமது முச்சக்கர வண்டியை ஐந்தரைக்கு ஆயத்தமாக வைத்திருந்தார்.

கொப்பியில் 16 காலைகள் பதிவாயின. அவற்றில் ஐந்து இடறிய காலைகள். அந்த ஐந்தில் நான்கு, முந்திய இரவு மழை பெய்த அல்லது கடலிலிருந்து கடுங்காற்று வீசிய நாட்கள். அது தென்மேல் பருவக்காற்றுக் காலம். கார் கடலைப் பார்த்து நிற்பதால் காற்று உப்புத் தூவானத்தை முன்கிராதி வழியாக நேரே எஞ்சின்மீது அடித்துக்கொண்டிருந்தது. ஐந்தாவது நாள்தான் எம்மைக் குழப்பியது. அன்று இரவு மழையும் இல்லை, காற்றும் இல்லை. விசாரித்தபோது விடை கிடைத்தது. முதல் நாள் மாலை பேரப்பிள்ளை தண்ணீர்க் குழாயைப் பிடித்துக் காரைக் கழுவியிருக்கிறான்.

ஆகவே காரணம் குளிர் மட்டுமல்ல, ஈரமும் சேர வேண்டும். கராஜில் ஏன் ஒருநாளும் அகப்படவில்லை என்பதும் விளங்கிவிட்டது. காலி வீதியின் நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேருமுன் எஞ்சினின் சூடு ஈரத்தை உலர்த்திவிடுகிறது.

மூன்றும் நான்கும்

பதினேழாவது காலை பாஸ் வந்தார். முந்திய மாலையில் மழை. மாஸ்டர் திறப்பைத் திருப்ப, கார் எமக்கு அனுகூலம் செய்வது போல நன்றாக இடறியது. பாஸ் இறப்பர் பிடியுள்ள குறட்டினால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிப் பூட்டினார். ஒன்றாவது வயரைக் கழற்றியபோது எஞ்சின் சத்தம் மேலும் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது எந்த மாற்றமும் இல்லை. நான்காவதற்கும் இல்லை. ஆகவே மூன்றாம், நான்காம் சிலிண்டர்கள் வேலை செய்யாமல் சும்மா சுற்றுகின்றன. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தோம். மூன்றும் நான்கும் நனைந்து கறுத்திருந்தன. மணம் பெற்றோல் மணம்.

இங்கேதான் அவசரப்பட்டால் எஞ்சினைப் பிரித்துவிடுவோம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டு ஒன்றாக நோய்ப்பட்டால், இடையில் உள்ள ஹெட் கஸ்கற் எரிந்துவிட்டது என்பதே எவருக்கும் முதலில் தோன்றும். முன்னர் சொல்லப்பட்டதும் அதுவே, அது முட்டாள்தனமான ஊகமும் அல்ல. ஆனால் இந்த எஞ்சினில் மூன்றுக்கும் நான்குக்கும் வேறு இரண்டு உறவுகள் உண்டு. ஒன்று, இரண்டும் கலவையை இழுப்பது ஒரே வாசலால். ஒன்றுக்கும் இரண்டுக்கும் ஒரு வாசல், மூன்றுக்கும் நான்குக்கும் மற்றொரு வாசல் என்றே இந்த ஹெட் வார்க்கப்பட்டுள்ளது. அந்த இணைப்பில் காற்று ஒழுகினாலும் இரண்டும் ஒன்றாகவே இடறும். மற்றது, பொறி போகும் ஒழுங்கு. அது 1, 3, 4, 2 என்று போகிறது. ஆகவே டிஸ்ரிபியூற்றர் மூடியிலும் மூன்றாம் வயரும் நான்காம் வயரும் அயலவர். மூன்று வெவ்வேறு பழுதுகள் ஒரே முகத்தோடு வந்து நிற்கின்றன. ஒன்று பெருஞ்செலவு, ஒன்று சிறு செலவு, மற்றது அதிலும் சிறிது.

பாஸ் மூன்றையும் பிரித்துக் காட்டிய விதத்தை நாம் அருகில் நின்று பார்த்தோம். கஸ்கற் போயிருந்தால் அழுத்தமானி சொல்லும். நான்கு பிளக்கும் கழற்றிய நிலையில், பெற்றோல் மிதியை முழுவதும் அழுத்தியபடி எஞ்சினைச் சுழற்ற, நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டின. அயலில் இருக்கும் இரண்டு மட்டும் ஒன்றாக விழுந்திருந்தால் அதுதான் கஸ்கற்றின் கையெழுத்து. கொப்பியில் இரண்டு வாரமும் ரேடியேற்றர் தண்ணீர் குறையவில்லை, எண்ணெய்க் கோலில் பால் போன்ற நிறமும் இல்லை. கஸ்கற் விடுதலை பெற்றது.

அடுத்தது வாசல். எஞ்சின் இடறிக்கொண்டிருக்கையில், துணிக்கு இஸ்திரிக்கை போடும்போது தண்ணீர் தெளிக்கும் போத்தலால் அந்த இணைப்பின்மீது மெல்லத் தெளித்தார். காற்று ஒழுகும் வெடிப்பு இருந்தால் தண்ணீர் அதை ஒரு கணம் அடைக்கும், சத்தம் மாறும். மாறவில்லை. கொப்பியும் இதையே சொன்னது. காற்று ஒழுகும் கார் சோக்கைத் தள்ளத் தள்ள மோசமாகும். இது சோக்கைத் தள்ளியபோது மாறவே இல்லை.

பின் எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொன்னார். வாசல் விளக்கும் அணைக்கப்பட்டது. வானம் இன்னும் வெளுக்கவில்லை. டிஸ்ரிபியூற்றரைச் சுற்றி மிக மெல்லிய தூவலாக ஒரு தடவை தெளித்தார். மூடியின்மேல் இரண்டு வயர்களுக்கு நடுவே நீல நூல் ஒன்று துடிதுடித்து ஓடியது. மாஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. எத்தனை ஆயிரம் ரூபாய் அந்த நூலின் வழியே போயிருக்கிறது!

மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது, மூன்றாம் முனையிலிருந்து நான்காம் முனைக்குப் பென்சிலால் கீறியது போன்ற ஒரு கோடு. பொறி மேற்பரப்பில் ஓடும்போது கரியைப் படியவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தும், அடுத்த பொறிக்குப் பாதை இன்னும் எளிதாகும். அதன்மேல் உப்பு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். உலர்ந்த நாளில் பாதை அறுந்து கிடக்கிறது. ஈரமான நாளில் முழுமையாகி, பிளக்குக்குப் போகவேண்டிய பொறி அயல் முனைக்கே தாவிவிடுகிறது. புதிய பிளக்கும் புதிய கொயிலும் சில நாட்களுக்கு நன்மை செய்தது போலத் தோன்றியதன் காரணமும் இதுவே. அவை மாற்றப்பட்டபோது மூடியும் கழற்றித் துடைக்கப்பட்டிருக்கும், அல்லது வானம் வெளித்திருக்கும்.

பரிகாரம்

மூடியை மிதமான சுடுநீரில் சவர்க்காரமிட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, கரிக்கோட்டைக் கூரிய கத்தியால் சுரண்டிவிட்டால் சில வாரங்கள் ஓடும். அது தற்காலிக வைத்தியமே. புதிய மூடி, உள்ளே சுழலும் றோட்டர், வயர் தொகுதி ஆகிய மூன்றையும் பஞ்சிகாவத்தையில் வாங்கி மாற்றினோம். செலவு, எஞ்சினைப் பிரிக்கக் கேட்ட தொகையோடு ஒப்பிடவே முடியாத அளவு சிறிது. வாங்கும்போது கவனம் தேவை. பழைய பெயரோடு விற்கப்படும் புதிய றோட்டர்களில் தரம் குறைந்தவை உண்டு. பித்தளைத் தகட்டைப் பொருத்திய ஆணி அடியில் நீண்டிருந்தால் பொறி அதன் வழியே தண்டுக்குப் பாய்ந்துவிடும். ஆணி இல்லாததைத் தேடி வாங்குவது நல்லது.

மூடி கழன்றிருந்த நேரத்திலேயே பாஸ் மற்ற அளவுகளையும் பார்த்துவிட்டார். பொயின்ற் இடைவெளி 0.38 மில்லிமீற்றர், பிளக் இடைவெளி 0.64, வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.30. காபரேற்றர் மேலுள்ள குழலில் எண்ணெய் வற்றியிருந்தது. அதற்கும் சிறிது மெல்லிய எஞ்சின் எண்ணெய் விடப்பட்டது. ஆனால் இவற்றை அன்று செய்யவில்லை, மூடி மாற்றி ஒரு வாரம் ஓடிப் பார்த்தபின்னரே செய்தார். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணமாக்கியது என்பது ஒருபோதும் தெரியாது என்பது அவர் வாதம். நாமும் அதை ஏற்கிறோம்.

எல்லாக் காலை இடறலுக்கும் மூடிதான் காரணம் என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. மழைக்கும் பழுதுக்கும் தொடர்பில்லாமல், இரண்டு மூன்று நாள் நின்றபின் மட்டும் இடறினால், காபரேற்றர்க் கிண்ணத்துப் பெற்றோல் ஆவியாகிப் போயிருக்கலாம், அல்லது பெற்றோல் பம்பின் முனைகள் கறுத்திருக்கலாம். திறப்பைத் திருப்பியதும் பம்ப் டிக், டிக் என்று அடித்துப் பின் ஓய்கிறதா என்று காது கொடுங்கள். கறுத்த புகை தள்ளினால் சோக் திரும்பி மூடவில்லை. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேற்றரும் நாளுக்கு நாள் குறைந்தால், அப்போது கஸ்கற்றைச் சந்தேகிக்கலாம். ஸ்டார்ட் ஆவதே சோம்பலாக இருந்தால், புதிய பற்றரிக்குக் காசு கொடுக்குமுன், பற்றரியிலிருந்து உடலுக்குப் போகும் பட்டியைக் கழற்றிக் கறளைச் சுரண்டிப் பூட்டிப் பாருங்கள். கடற்கரையோரத்தில் பாதி நோய் அங்கேதான்.

சில எச்சரிக்கைகள். பூட்டிய கராஜுக்குள்ளும் மாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்திலும் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்க வேண்டாம். அந்தப் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமோ மணமோ இல்லை, ஆளைக் கொல்லும். ஓடும் எஞ்சினின் வயரை வெறுங்கையால் தொடக்கூடாது, அதில் பல்லாயிரம் வோல்ற் பாய்கிறது. தண்ணீர் தெளிப்பதும் தூவலாகவே இருக்க வேண்டும். காபரேற்றருக்குள் பெற்றோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யும் யாழ்ப்பாணத்து வழக்கம் வேறு வழியில்லாத காலத்தில் வந்தது. அதில் முகம் கருகியோரும் உண்டு. பெற்றோல் கிடைக்கும் இன்று அது வேண்டாம்.

நீரிறைக்கும் இயந்திரம் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது இது. ஒற்றைச் சிலிண்டர் இயந்திரத்தில் டிஸ்ரிபியூற்றர் மூடி இல்லை. ஆனால் பிளக் வயரும் அதன் தொப்பியும் உண்டு. பனி பெய்த காலையில் முரண்டு பிடித்து, வெயில் ஏறியபின் ஒழுங்காக ஓடும் இயந்திரத்தை, இருட்டில் ஒருமுறை ஓடவிட்டு அந்த வயரைப் பாருங்கள். வெடித்த இறப்பரிலிருந்து இயந்திரத்தின் உடலுக்கு நீலப் பொறி தாவினால், வயரை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும்.

மாஸ்டரின் கார் இப்போது காலி வீதியைப் பார்த்து நிறுத்தப்படுகிறது. டிஸ்ரிபியூற்றருக்கு ஒரு கவசமும் உண்டு. பாத்திரம் கழுவும்போது போடும் இறப்பர்க் கையுறை ஒன்றின் விரல் நுனிகளை வெட்டி, நான்கு விரலால் நான்கு பிளக் வயர்களையும் பெருவிரலால் கொயில் வயரையும் வெளியே எடுத்து, மூடியின்மேல் கவிழ்த்திருக்கிறார்கள். மினி கார்களில் டிஸ்ரிபியூற்றர் முன்கிராதிக்கு நேர் பின்னால் இருந்து மழையில் நனைந்ததால், அந்தக் கார்க்காரர்கள் கண்டுபிடித்த உபாயம் இது. உள்ளே வேர்வை கட்டாமலிருக்க வாரத்துக்கு ஒருமுறை கழற்றி உலர்த்த வேண்டும். கையுறை ரீச்சருடையது. கொப்பி இன்னும் எழுதப்படுகிறது. பருவக்காற்று ஓயுமட்டும் எழுதும்படி பாஸ் சொல்லியிருக்கிறார்.